ஈச்சங்கண்டிகையின் தீக்கோடு

எங்கள் ஈச்சங்கண்டிகைக்குக் கிழக்கே சிப்காட் தொழிற்பேட்டையின் புகைக்குழாய்கள், மேற்கே காப்புக்காடு. நடுவில் நாங்கள். எங்கள் அப்பா அம்மா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட கைகள் இப்போது ஷிஃப்ட் போட்டு இரும்பு தட்டுகின்றன, டயர் சுற்றுகின்றன, மாத்திரையை அட்டைக்குள் அடைக்கின்றன. காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனால், பகலெல்லாம் ஊர் காலியாகத்தான் கிடக்கும்.

அந்த பஸ்ஸில் போகிறவர்களில் ஒருத்திதான் மெர்சி. பம்புக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறாள். மற்ற பெண்கள் கம்பெனி ஷூவைப் பையில் வைத்துக்கொண்டு செருப்போடு போவார்கள். இவள் மட்டும் இரும்பு மூக்கு வைத்த கறுப்பு ஷூவை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தெருவில் டக்டக்கென்று நடப்பாள். “போலீஸு போவுதுடோய்” என்று பிள்ளைகள் கத்தும். அவளுக்குக் கோபம் வராது. அவள் புருஷன் ஜெயராஜ் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டருக்கு உதவியாள். ஒரே மகள், ஆறாவது படிக்கிறாள்.

கம்பெனியில் மெர்சியை ஃபயர் டீமில் சேர்த்திருந்தார்கள். வேலைக்கு நடுவே திடீரென்று சைரன் அடிப்பார்கள். டீமில் இருப்பவர்கள் சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். யார் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது, எல்லோரும் எந்தத் திடலில் கூட வேண்டும் என்று எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது. பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு பேஜாரு. மெர்சிக்கு மட்டும் பிடித்திருந்தது. அவளுக்குத் தெரிந்து நெருப்பு என்றால் எல்லோரும் அலறிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். அதை இப்படி ஒரு ஒழுங்கோடு செய்யலாம் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

எங்கள் காடு யானை புலி உலவும் காடு இல்லை. களா, காரை, சூரைமுள், ஈச்சம்புதர், நடுநடுவே வனத்துறை வைத்த தைலமரங்கள். முயலும் மயிலும் உண்டு. மாசி பிறந்தால் புல் காய்ந்து ஆள் உயரத்துக்கு நிற்கும். அதன் பிறகு ஒரு பீடித்துண்டு போதும். ஆடு மேய்ப்பவர்கள் புதுத் தழை முளைக்கட்டும் என்று கொளுத்துவதுண்டு. முயல் பிடிப்பவர்கள் கொளுத்துவதுண்டு. எங்கிருந்தோ லாரியில் பிளாஸ்டிக் கழிவைக் கொண்டுவந்து காட்டோரம் கொட்டிக் கொளுத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் காடு எரியும். தானாக அணையும். அப்படித்தான் நாங்கள் பழகியிருந்தோம்.

நாலு கோடைக்கு முன்னால் அது தானாக அணையவில்லை. மேல்காற்றில் ஏறி வந்து மேற்குத் தெருவைத் தொட்டது. கடைசி வீடு கங்கம்மாவுடையது. புருஷன் இல்லாதவள், பால் கறந்து ஊற்றிப் பிழைப்பவள். அவள் மாட்டுக் கொட்டகை எரிந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தும், முள் மண்டிக் கிடந்த வண்டிப்பாதையில் நுழைய முடியாமல் தெருமுனையிலேயே நின்றது. ஒருத்தன் குடத்தில் தண்ணீர் கொண்டு ஓடினான், ஒருத்தி பிள்ளையைத் தேடி எதிர்ப்பக்கம் ஓடினாள், இரண்டு பையன்கள் நெருப்புக்குள்ளேயே போய்க் கையைச் சுட்டுக்கொண்டு வந்தார்கள். கங்கம்மாவின் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“கட்டுலயே போச்சிம்மா” என்று மெர்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள் கங்கம்மா. “அது கத்துனது உங்க யாரு காதுலயும் வுழலயா?”

அன்று சாயங்காலம் ஜெயராஜ் வேலையிலிருந்து வந்தபோது மெர்சி சோறு வடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“கம்பெனில நெருப்பு புடிச்சா நான் எங்க நிக்கணும், எத்த தூக்கணும், எல்லாம் தெரியும்” என்றாள். “என் ஊருல புடிச்சா எனக்கு ஒண்ணியும் தெரியல பாரு. நானும் எல்லாரு மாதிரி ஓடிக்கினுதான் இருந்தேன்.”

“ஊருக்கு யாரு சைரன் அடிக்கறது மெர்சி?” என்றான் அவன், சமாதானமாக.

அவளோ அதை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள்.

முதலில் ஒரு கூட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் திடலில். மாரியம்மன் கோயில் தெருக்காரர்களையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தாள். கூட்டம் நன்றாகத்தான் சேர்ந்தது. ஆனால் காட்டுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு கோடு போட வேண்டும் என்று பேச ஆரம்பித்தவள், காட்டைக் கொளுத்துவது யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் கண் வரதன் பக்கம் போய்விட்டது. ஊரில் பெரிய ஆட்டு மந்தை வரதனுடையது.

வரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “இன்னாமே, என்னிய பாத்துக்கினே சொல்ற? நீ பாத்தியா நான் கொளுத்துனத?”

“நான் உன்ன சொல்லலண்ணா...”

“பின்ன யார சொன்ன? ஷூ மாட்டிக்கினா நீ இன்னா ஆபீசரா?”

அவர் போனார். அவரோடு அவர் பங்காளிகள் போனார்கள். அவர்கள் போனதும் மீதிப் பேருக்கும் வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்தது. கடைசியில் திடலில் மெர்சியும் கங்கம்மாவும்தான் நின்றார்கள். அப்புறம் ஸ்நேகா.

ஸ்நேகா கும்மிடிப்பூண்டியில் டிகிரி முடித்துவிட்டு போலீஸ் வேலைக்கு எழுதிக்கொண்டிருந்த பெண். அவள் நெருப்பைப் பற்றிப் பேச வரவில்லை. கூட்டத்தில் மெர்சி சொன்ன ஒன்றைப் பற்றிக் கேட்க நின்றிருந்தாள்.

“அக்கா, நீ சொன்னியே, காட்டுக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு லைனு வுடணும்னு. அது எம்மாம் அகலம்?”

“ரெண்டு லாரி ஒண்ணா போற அகலம். புல்லு பூண்டு இல்லாம வெறுந்தரையா இருக்கணும். நெருப்பு அதுவரிக்கும் வரும், தின்றதுக்கு ஒண்ணும் இல்லன்னா நின்னுடும்.”

“எவ்ளோ நீளம்?”

“ஏரிக்கரைலேர்ந்து சுடுகாடு வரிக்கும். வண்டிப்பாதைய ஒட்டியே.”

ஸ்நேகா கொஞ்சம் யோசித்தாள். “அப்போ அதுல ஓடலாம் இல்ல?”

மெர்சிக்குப் புரியவில்லை.

“செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகணும்க்கா. ஹைவே சர்வீஸ் ரோட்டுல ஓடுனா லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான். எங்க நைனா போவாதன்றாரு. இந்த ஊருல என்ன மாதிரி ஆறேழு பேரு இருக்கோம். ஓடறதுக்கு எடம் கெடைக்கும்னா நாங்க வர்றோம்க்கா, வெட்டறதுக்கு.”

பின்னால் யார் கேட்டாலும் மெர்சி இதைச் சொல்லாமல் விடமாட்டாள்: “லைனு என் ஐடியா. அதுல ஆளுங்க வந்தது ஸ்நேகா ஐடியா.”

ஸ்நேகா போய் ஜெரால்டைப் பிடித்தாள். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் ஜெரால்ட்தான் எங்கள் கிரிக்கெட் டீமுக்குக் கேப்டன். அவனுக்கு வேறொரு கணக்கு இருந்தது. மேற்கே அடிக்கும் பந்தெல்லாம் சூரைமுள்ளுக்குள் போய்க்கொண்டிருந்தது. முள்ளை எடுத்தால் பந்து மிஞ்சும். அவன் டீமோடு வந்தான். ஓடுகிறவர்களுக்கு ஓட்டப்பாதை, ஆடுகிறவர்களுக்கு பவுண்டரி. காட்டைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. அதற்காக மெர்சி வருத்தப்படவும் இல்லை. “கை வந்தா போதும். மனசு அப்பால வரும்” என்றாள்.

காப்புக்காட்டு எல்லையில் கத்தி வைப்பதற்கு வனத்துறை சம்மதம் வேண்டும். வனக்காப்பாளர் சுப்பராயனைப் போய்ப் பார்த்தார்கள். மோட்டார் சைக்கிளில் இத்தனை பெரிய காட்டை ஒற்றை ஆளாகச் சுற்றிக்கொண்டிருந்த மனிதர் அவர். முதலில் சந்தேகப்பட்டார். மரம் வெட்ட வழி தேடுகிறார்கள் என்று நினைத்தார். மெர்சி, ஸ்நேகா, ஜெரால்ட் மூவரையும் வண்டிப்பாதையில் கூட நடக்கவைத்து, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று காட்டினார். புல்லும் சருகும் முள்ளும் எடுக்கலாம். மரத்தின் ஒரு கிளையைக்கூட ஒடிக்கக்கூடாது. பாதை முடிந்த இடத்தில் நின்று, “நான் எங்க மேலதிகாரிகிட்ட பேசறேன்” என்றார். “இத்தன வருஷத்துல காட்ட அழிக்கத்தான் ஆளுங்க வந்திருக்காங்க. காக்கறேன்னு வந்தவங்க நீங்கதான்.”

அனுமதி வந்தது. ஆனால் ஓர் இடத்தில் கோடு சிக்கிக்கொண்டது.

ஏரிக்கரைக்குக் கொஞ்சம் தள்ளி, காட்டுக்குள் நாக்கு நீட்டினாற்போல் ஒரு சின்னச் சவுக்குத் தோப்பு உண்டு. அது ஜெயராஜின் அப்பா விட்டுப்போன நிலம். இன்னும் மூன்று வருஷம் வளரவிட்டு வெட்டி, வீட்டுக்கு மேலே ஓர் அறை எடுக்கலாம் என்று மெர்சியும் ஜெயராஜும் நினைத்திருந்தார்கள். தோப்பை உள்ளே சேர்த்துக் கோடு போட வேண்டும் என்றால் அதற்குப் பின்னால் இருக்கும் ஓடைப்பள்ளத்தைச் சுற்ற வேண்டும். பள்ளம் முழுக்க முள்ளும் ஈச்சமும். அங்கே வண்டி போகாது. நெருப்பு வந்தால் ஆள் ஏறி ஓடவும் முடியாது. வண்டிப்பாதையோடு நேராகப் போனால் கோடு சுத்தமாக இருக்கும், தோப்பு வெளியே நின்றுவிடும்.

“ஊருக்கு போடற லைனுல நம்ம தோப்பு மட்டும் வெளில நிக்கணுமா?” என்றான் ஜெயராஜ். “எவனாவுது இப்டி பண்ணுவானா?”

“பள்ளத்துல புள்ளைங்கள நிக்க வெச்சிட்டு நான் எப்டி தூங்கறது, சொல்லு.”

“வருஷா வருஷம் எரியுதுதான். நம்ம தோப்பாண்ட என்னிக்காவுது வந்துச்சா?”

“வராதுன்னா வெளில இருந்தா இன்னா? வரும்னா உள்ள இழுத்தா ஆபத்து.”

ஜெயராஜ் இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோடு வெட்டப் போனவர்களில் அவனும் மண்வெட்டியோடு நின்றான். தன் தோப்புக்கு முன்னால் நேர்க்கோடாக அவனே மண்ணைச் சுரண்டினான்.

பொங்கல் கழிந்து தொடங்கிய வேலை மாசிக்குள் முடிந்தது. முடிந்த பிறகுதான் இன்னொரு தலைவலி. ஒரு மழைத் தூறல் போட்டதும் கோட்டில் புல் முளைக்க ஆரம்பித்தது. ஞாயிறு தோறும் வெட்டிக்கொண்டிருக்க யாருக்கு முடியும்?

மெர்சி வரதன் வீட்டுக்குப் போனாள். கங்கம்மாவையும் கூட அழைத்துக்கொண்டாள். வரதன் பட்டியில் ஆடு அடைத்துக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

“அண்ணா, அன்னிக்கு நாலு பேரு எதிர்ல உன்ன பாத்து பேசனது தப்பு” என்றாள் மெர்சி. “அத்த சொல்லத்தான் வந்தேன்.”

வரதன் பட்டிக் கதவைக் கட்டி முடித்தார். “நான் கொளுத்தனது உண்டும்மா. இல்லன்னு சொல்லல. எங்க அப்பன் கொளுத்துனான், நானும் கொளுத்துனேன். ஆட்டுக்கு தழ வேணும். ஆனா கங்கம்மா கொட்டாய எரிச்சது என் நெருப்பு இல்ல. மாரியாத்தா மேல ஆணை.”

“எனக்குத் தெரியும்டா” என்றாள் கங்கம்மா. “அன்னிக்கு நீ ஏரில ஆட்டுக்கு தண்ணி காட்டிக்கினு இருந்த. நான் பாத்தேன். அத்த கூட்டத்துல சொல்ல உடாம நீதான் எந்திரிச்சி பூட்ட.”

வரதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மெர்சி கேட்டுவிட்டாள்: “லைனுல புல்லு மொளைக்குதுண்ணா. உன் ஆடு தெனமும் அதுலயே மேஞ்சிதுன்னா எங்களுக்கு வெட்டற வேல இல்ல. சுப்பராயன் சாரு சரின்னுட்டாரு.”

“ஃபாரஸ்டுகாரன் சரின்னானா? என் ஆட்ட கண்டா தொரத்துவானே அந்தாளு!”

“கோட்டுல மேய்க்கலாம்னாரு. கோட்ட தாண்டி உள்ள போவக்கூடாதாம்.”

மறுநாள் காலையில் ஸ்நேகாவும் மற்றவர்களும் ஓடப் போனபோது, கோட்டின் ஒரு முனையில் வரதனின் மந்தை தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. அதன் பிறகு கோட்டில் புல் நிற்கவில்லை. காலையில் ஓடுகிறவர்களின் கால், பகலில் ஆட்டின் வாய், மாலையில் கிரிக்கெட். வெறும் மண் பளபளவென்று கிடந்தது.

சுப்பராயன் முன்னிலையில் சின்ன இடத்தில் சருகைக் கொளுத்தி மெர்சி பயிற்சி கொடுத்தாள். பச்சைக் கிளையைத் தலைக்கு மேல் தூக்கி அடித்தால் பொறி பறக்கும். தரையோடு அழுத்தித் தேய்க்க வேண்டும். முதுகில் மாட்டி வயலுக்கு மருந்தடிக்கும் மிஷின்களைக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். சைரனுக்குப் பதில் சர்ச் மணி; எல்லோரும் கூடும் இடம் சர்ச் திடல். மாடு கன்றை அவிழ்த்துவிடுவது, நடக்க முடியாதவர்களைத் திடலுக்குக் கொண்டு வருவது என்ற இரண்டையும் கங்கம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். மெர்சியின் கழுத்தில் ஜெரால்டின் கிரிக்கெட் விசில் ஏறியது.

“இத்த ஊதுனா கைல இருக்கறத போட்டுட்டு என்கிட்ட வந்துடணும்” என்றாள். “ஏன்னு அப்பால கேளுங்க. மொதல்ல வாங்க.”

பையன்கள் தலையாட்டினார்கள். தலையாட்டுவது சுலபம்தானே.

அந்த வருஷம் நெருப்பு வரவில்லை. அடுத்த வருஷமும் தூரத்தில் எரிந்து அடங்கியது. “சும்மா வெட்டிக்கினு இருக்கீங்க” என்று டீக்கடையில் பேச்சு எழுந்தது. ஆனாலும் தை மாதம் வந்ததும் பிள்ளைகள் மண்வெட்டி எடுத்தார்கள். அது அவர்கள் இடமாகிவிட்டிருந்தது.

மூன்றாம் வருஷம், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். சர்ச்சில் சின்னப் பிள்ளைகள் ஓலையில் சிலுவை முடைந்துகொண்டிருந்தார்கள். மெர்சிக்கு அன்று செகண்ட் ஷிஃப்ட்; நீலச் சட்டை போட்டு, ஷூ மாட்டி, பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. வரதன்.

“மெர்சி, தைலமரத்துக்கு அந்தாண்ட கறுப்பு பொகை. பிளாஸ்டிக் நாத்தம் அடிக்குது. எவனோ லோடு கொட்டி கொளுத்திட்டு பூட்டான். காத்து நம்ம பக்கம் அடிக்குது.”

“ஆட்ட ஓட்டிக்கினு வந்துடுண்ணா. நீ நிக்காத.”

மணி அடித்தது. இந்த முறை யாரும் அலறிக்கொண்டு ஓடவில்லை. கங்கம்மாவும் நாலு பெண்களும் மேற்குத் தெருவில் வீடு வீடாக மாட்டை அவிழ்த்தார்கள். படுக்கையில் இருந்தவர்களைக் கட்டிலோடு தூக்கினார்கள். ஓலை முடைந்த பிள்ளைகள் திடலிலேயே வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். ஸ்நேகா தீயணைப்பு நிலையத்துக்கும் சுப்பராயனுக்கும் சொன்னாள். ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த பையன்கள் லுங்கியோடு எழுந்து வந்து, பேன்ட் போட்டு வா என்று விரட்டப்பட்டு, திரும்பி ஓடி வந்தார்கள். கோட்டின் நீளத்துக்கும் இரண்டிரண்டு பேராக நின்றார்கள்.

முதலில் மயில்கள் வந்தன. பிறகு முயல்கள், மனிதர்கள் நிற்பதைச் சட்டை செய்யாமல் கால்களுக்கு நடுவே ஓடின. அப்புறம் அந்தச் சத்தம். காய்ந்த புல் எரியும்போது வரும், எண்ணெயில் போட்டாற்போன்ற சடசடப்பு. தைலமரங்களின் உச்சி ஒவ்வொன்றாகப் பற்றியது.

நெருப்பு ஒரே சீராக வரவில்லை. ஏரிக்கரைப் பக்கம் முந்திக்கொண்டு வந்தது. சவுக்குத் தோப்பின் பின்பக்கம் புகை எழுந்ததைப் பார்த்த ஜெரால்ட், மருந்து மிஷினோடு பாய்ந்தான். அவன் பின்னாலேயே நாலு பையன்கள். கோட்டைத் தாண்டித் தோப்புக்குள் நுழையப் போனார்கள்.

மெர்சி விசில் ஊதினாள்.

ஜெரால்ட் திரும்பிப் பார்த்தான். “அக்கா, உன் தோப்புக்கா!”

“வா இங்க!”

“ஓரத்துலதான் புடிச்சிக்கினு இருக்குது, அணைச்சிடலாம்க்கா!”

“பின்னால பள்ளம்டா. சுத்திக்கினு வந்தா எந்த வழியா வருவ? வா, ஜெரால்டு!” இன்னொரு முறை ஊதினாள். குரல் உடைந்தது, விசில் உடையவில்லை.

அவன் நின்றான். ஒரு நொடி அவன் வரமாட்டான் என்றே எல்லோரும் நினைத்தோம். பிறகு பையன்களைக் கையால் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். அவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து மூச்சு வாங்குவதற்குள், பள்ளத்திலிருந்த ஈச்சம்புதர் மொத்தமும் ஒரே வீச்சில் பற்றி, அவர்கள் நின்றிருந்த இடத்தை மூடியது. ஜெரால்டின் முகம் வெளுத்துவிட்டது.

சவுக்கு எரிந்தது. மெர்சி ஒரு முறைதான் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கோட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

நெருப்பு கோடு வரை வந்தது. வந்து, தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றது. ஆனால் பொறிகள் நிற்கவில்லை. காற்றில் ஏறிக் கோட்டைத் தாண்டி வந்து வைக்கோலில், வேலியில், கூரை ஓரத்தில் விழுந்தன. அங்கேதான் ஸ்நேகாவின் கால்கள் உதவின. கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். “சுடுகாட்டுக்கிட்ட ரெண்டு பேரு! கங்கம்மா வேலில ஒண்ணு!” சொன்ன இடத்துக்கு ஆள் போகும், கிளை தேய்க்கும், ஷூக்கால் மிதிக்கும். வரதன் மந்தையைத் திடலில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, ஈரச் சாக்கோடு கங்கம்மாவின் புதுக் கொட்டகைக் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அங்கே விழுந்த ஒரு பொறியும் பிழைக்கவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. இந்தத் தடவை தெருமுனையில் நிற்கவில்லை. இரண்டு லாரி அகலத்துக்குச் சுத்தமாகக் கிடந்த கோட்டில் ஏறி, நெருப்பின் எதிரே போய் நின்று தண்ணீர் அடித்தது. வண்டியின் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, “யாருய்யா ரோடு போட்டது?” என்று கேட்டார். “நாங்க” என்று ஒரே குரலாகப் பதில் வந்தது.

கொஞ்ச நேரத்தில் கடல்காற்று திரும்பியது. எங்கள் பக்கம் வெயில் காலத்தில் பிற்பகல் ஆனால் கிழக்கிலிருந்து அது வரும். அது வரும் வரை தாக்குப் பிடித்தால் போதும் என்று மெர்சி முதலிலிருந்தே சொல்லியிருந்தாள். நெருப்பு வந்த வழியே திரும்பிப் பார்த்தது. அங்கே ஏற்கெனவே எல்லாம் சாம்பல். தலை சாய்ந்து அடங்கியது.

சுப்பராயன் கோட்டின் நீளமும் நடந்து பார்த்தார். “ஒரு பொறிகூட தாண்டலயா?”

“தாண்டுச்சி சார். நெறைய தாண்டுச்சி” என்றான் ஜெரால்ட். “ஒண்ணியும் உடல.”

ஒரு வீடு எரியவில்லை. ஓர் ஆடு, ஒரு கன்று சாகவில்லை. ஒரு பிள்ளைக்கும் கொப்புளம் இல்லை. ஊருக்காக எரிந்தது ஒரு சவுக்குத் தோப்பு மட்டும்.

ஜெயராஜ் காட்டுப்பள்ளியிலிருந்து வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மெர்சி கரியும் சாம்பலுமான யூனிஃபார்மோடு தோப்பின் முன்னால் நின்றிருந்தாள். அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஊரு?” என்றான்.

“நிக்குது.”

“புள்ளைங்க?”

“எல்லாம் நிக்குதுங்க. ஜெரால்டு உள்ள பூட்டான். ஊதுனேன், வந்துட்டான்.”

ஜெயராஜ் பள்ளத்தைப் பார்த்தான். அதில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. “நீ அன்னிக்கு சொன்னது சரிதான்” என்றான். “வா, ஊட்டுக்கு போலாம். நீ இன்னும் மத்தியான சோறே துன்னல, உம் பொண்ணு சொல்லிச்சு.”

மறுநாள் குருத்தோலைப் பவனி எப்போதும் போல் தெரு வழியே போவதாக இல்லை. பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை. கையில் ஓலையோடு நேராகக் கோட்டுக்கு நடந்தார்கள். ஒரு பக்கம் கருகிய காடு, ஒரு பக்கம் ஊர், நடுவில் வெள்ளைச் சட்டைகளும் பச்சை ஓலைகளும் பாட்டும். கோயில் தெருக்காரர்களும் வந்து வழி நெடுகத் தண்ணீர் கொடுத்தார்கள். வரதனின் கையில் யாரோ ஓர் ஓலையைத் திணித்துவிட்டார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாமல், கடைசி வரை நேராகப் பிடித்துக்கொண்டே நடந்தார் அவர்.

மழை பிடித்ததும் மெர்சி கேட்காமலேயே பையன்களும் பெண்களும் சவுக்குக் கன்று வாங்கி வந்து, கருகிய அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்த நிலம் முழுவதும் நட்டார்கள். ஓடைப்பள்ளத்து முள்ளையும் அனுமதி வாங்கி அகற்றினார்கள். இப்போது கோடு அந்தத் தோப்பையும் சுற்றிக்கொண்டு போகிறது. அதற்கு மட்டும் மெர்சி கொஞ்சம் முரண்டு பிடித்தாள். “இப்போ பள்ளத்துல வண்டியே எறங்கும்க்கா, இனிமே நீ பேசக்கூடாது” என்று ஜெரால்ட் முடித்துவிட்டான்.

ஸ்நேகா ஓட்டத்தில் தேறி, எழுத்துத் தேர்விலும் தேறி, போலீஸ் பயிற்சிக்குப் போய்விட்டாள். போகும்போது தன் இடத்தைச் சோனியா என்ற பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். ஏரிக்கு அந்தப் பக்கத்து இரண்டு ஊர்கள், எங்களுக்கும் கோடு போடக் கற்றுக்கொடுங்கள் என்று ஆள் அனுப்பின. ஜெரால்டும் சோனியாவும் போய் வருகிறார்கள். முதல் கூட்டத்தில் யாரையும் பார்த்துக்கொண்டே பேசாதே என்று மெர்சி அவர்களுக்குச் சொல்லி அனுப்பினாள். அந்தப் பாடத்தை அவள் சும்மா கற்றுக்கொள்ளவில்லை.

இந்தத் தை மாதம் கோடு சுத்தம் செய்கிற ஞாயிறன்று கம்பெனியில் அவசர ஆர்டர். மெர்சியால் வர முடியவில்லை. பஸ்ஸில் போகும்போதே நாலு பேருக்குப் போன் போட்டு, அதைச் செய்யுங்கள், இதை மறக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனாளாம். “சரிக்கா, சரிக்கா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

வேலை முடிந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோட்டுக்குப் போனாள். வேலை முடிந்து பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாக்கா, இன்ஸ்பெக்‌ஷனா?” என்றான் ஜெரால்ட், பந்து போட ஓடி வந்தவன் பாதியில் நின்று.

மெர்சி ஏரிக்கரையிலிருந்து சுடுகாடு வரை நடந்தாள். குனிந்து பார்த்தாள். வேலியோரம் காலால் கிளறிப் பார்த்தாள். பள்ளத்துப் பக்கம் இறங்கிப் பார்த்தாள். திரும்பி வந்து வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றினாள். ஜெயராஜிடம், “ஒரு தப்பும் கண்டுபுடிக்க முடியலய்யா” என்றாள்.

அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.